செல்வத்தில் பிறந்து சேவையில் வாழ்ந்தவர்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், சிறுமலையின் அடிவாரத்தில், சின்னாளபட்டியை அடுத்து அமைந்துள்ளது காந்திகிராமம். அவ்வழியே பேருந்தில் செல்லும் நம்மில் பலருக்கு அது ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர். ஒரு மருத்துவமனையின் பெயர். அதன் பின்னே ஒரு பெண்ணின் வாழ்வு இருக்கிறது. அவர்தாம் டாக்டர் சௌந்தரம் அம்மையார்.

டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாக 1904-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை மோட்டார் தொழிலில் பெரும் செல்வர். அக்கால வழக்கப்படி மகளுக்குச் சிறு வயதிலேயே மணம் நடந்தது. கணவர் ஒரு மருத்துவர். மதுரையில் பிளேக் நோய் பரவியபோது அவர் மறைந்தார். கைம்பெண் வீட்டின் ஒரு மூலையில் முடங்க வேண்டும் என்பதே அன்றைய சமூகத்தின் நியதி. ஆனால் பெற்றோர் மகளைப் படிக்கத் தூண்டினர். தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1936-இல் அவர் மருத்துவரானார். கணவரைப் பறித்த நோயோடு போராடும் கல்வியையே அவர் தேர்ந்தது நம் சிந்தனைக்குரியது.

தில்லியில் சுசீலா நய்யாரின் நட்பு அவரைக் காந்தியடிகளிடம் சேர்த்தது. அங்கே அரிசனத் தொண்டில் ஈடுபட்டிருந்த கேரள இளைஞர் ஜி. இராமச்சந்திரனைச் சந்தித்தார். கைம்பெண்ணின் மறுமணம், அதுவும் சாதி கடந்த மணம்! குடும்பத்தார் இசையவில்லை. ஓராண்டுக் காலம் இருவரும் தொடர்பின்றிப் பிரிந்திருந்து, அதன் பின்னும் மனம் மாறாவிடில் மணக்கலாம் என்பது காந்தியடிகளின் அறிவுரை. மனம் மாறவில்லை. 1940 நவம்பரில், காந்தியடிகளும் கஸ்தூரிபாவும் முன்னிற்க மணம் நிறைவேறியது.

கஸ்தூரிபா நினைவு அறக்கட்டளையின் பொறுப்பொன்றைக் காந்தியடிகள் அம்மையாரிடம் ஒப்படைத்தார். 1947-இல் தம்பதியர் காந்திகிராமத்தை நிறுவினர். சின்னாளபட்டியில் இரண்டே படுக்கைகளுடன் தொடங்கிய சிறு மருத்துவ நிலையமே கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. பேறுகாலத்தில் தாயும் சேயும் மடிவது சாதாரணமாக இருந்த நாள்கள் அவை. ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம், கதர், கிராமக் கைத்தொழில், ஆதாரக் கல்வி எனப் பணிகள் பெருகின. 1956-இல் தோன்றிய கிராமியக் கல்வி நிலையம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

மக்கள் அவரை 1952-இல் ஆத்தூரிலிருந்தும் 1957-இல் வேடசந்தூரிலிருந்தும் சட்டமன்றத்திற்கு அனுப்பினர். 1962-இல் திண்டுக்கல் தொகுதியில் வென்று, நேருவின் அமைச்சரவையில் கல்வித் துணை அமைச்சரானார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் பெற்றார். நம் கல்லூரிகளில் இன்று நடைபெறும் நாட்டு நலப்பணித் திட்டம் உருவாக உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். 1967 தேர்தலில் தோற்றார். பதவி போயிற்று, பணி போகவில்லை. 1984 அக்டோபர் 21-ஆம் நாள் மறைந்தார்.

பொருளுள்ளோர் பொருளைக் கொடுப்பது அறமே. ஆயினும் கொடுத்துவிட்டுத் தம் இல்லத்திற்குத் திரும்பிவிடலாம். அம்மையார் திரும்பவில்லை. சிற்றூரின் புழுதியிலேயே தங்கித் தம்மையே கொடுத்தார். விடுமுறை முகாமுக்காகக் கிராமத்திற்குச் செல்லும் மாணவ நண்பர்களே, சில நாள்கள் கழித்து நாம் ஊர் திரும்பும்போது, அங்கே தங்கிவிட்ட அந்த ஒருவரையும் நினைவில் கொள்வோமாக!