பேர்க்கின் பெருமகனாரும் மாசுற்ற அனிலீனும்

கோப்பித் தோட்டங்கள் எழுந்த காலத்தே, மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாய் வந்த நம் முன்னோருள் எத்துணையோ பேர் காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டனர். மலேரியாக் காய்ச்சலுக்கு அந்நாளில் கைகண்ட மருந்து, சிங்கோனா மரப்பட்டையினின்று எடுக்கப்பட்ட கொயினாவே. அதனை ஆய்கூடத்தில் ஆக்க முயன்று, பிறிதொன்றைக் கண்ட இளைஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

வில்லியம் ஹென்றி பேர்க்கின் 1838 மார்ச் 12இல் இலண்டனிற் பிறந்தார். தந்தையார் கட்டடத் தொழிலர். மைந்தரோ பதினைந்தாம் வயதில் அரச இரசாயனக் கல்லூரி புகுந்து, பேராசிரியர் ஹொப்மனின் மாணாக்கரானார். 1856இல், விடுமுறையின்போது, தம் இல்லத்து மேல்மாடியில் அமைத்த சிற்றாய்கூடத்தில் கொயினாவை ஆக்க முற்பட்டார். மூலக்கூற்றின் அமைப்பு அறியப்படாத காலம் அது. அணுக்களின் தொகையைக் கூட்டிக் கணித்தே அலைல் தொலுயிடீனை ஒட்சியேற்றினார். கிடைத்தது செந்நிற மண்டி. பின்னர் அனிலீனை எடுத்துப் பொற்றாசியம் இருகுரோமேற்றுடன் தாக்கினார். கரிய வீழ்படிவு தோன்றிற்று. பிறராயின் அதனை எறிந்திருப்பர். அவர் அற்ககோலிற் கரைத்தார். அழகிய ஊதா நிறம் எழுந்தது. அதிற் பட்டினைத் தோய்த்தார். வெயிலிலும் நிறம் மங்கவில்லை.

இதன் காரணத்தை நம் மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். நிலக்கரித் தாரினின்று வடித்த பென்சீனை நைத்திரேற்றிப் பின் தாழ்த்தினால் அனிலீன் வரும். பென்சீன் 80 பாகையிலும் தொலுயீன் 111 பாகையிலும் கொதிப்பன. செவ்வனே வடித்துப் பிரிக்காவிடில் தொலுயீனும் உடன் சேரும். அதுவே தொலுயிடீனாக மாறி அனிலீனிற் கலந்து நிற்கும். பேர்க்கின் எடுத்த அனிலீன் அத்தகையது. தூய அனிலீன் மட்டும் இருந்திருப்பின் அச்சாயம் தோன்றியிராது. பிற்காலத்தில் இவ்வேற்றுமையை அவரே ஆராய்ந்து வெளியிட்டார். சாயத்தின் மூலக்கூற்று அமைப்போ 1994இலேயே தெளிவாயிற்று.

1856 ஓகஸ்டில் அவர் ஆக்கவுரிமை பெற்றார். ஆசிரியர் தடுத்தும் கல்லூரியை நீங்கினார். தந்தையார் தம் சேமிப்பை ஈந்தார், தமையனார் துணைநின்றார். 1857இல் கிறீன்போர்ட்டில் தொழிற்சாலை எழுந்தது. பொருள் ஈட்டியபின், 1874இல் முப்பத்தாறாம் வயதில் அதனை விற்று ஆராய்ச்சிக்கே மீண்டார். 1906இல் சேர் பட்டம் பெற்று, 1907 ஜூலை 14இல் மறைந்தார்.

மாசு அவருக்கு வாழ்வளித்தது உண்மையே. ஆயின் அதனை நம்பி ஆய்கூடம் புகுவார் ஏமாறுவர். ஒரே செய்முறை, போத்தல் மாறிய அளவில் வேறு விளைவு தரும். மருந்திற் கலந்த மாசோ உயிரையே கொள்ளும். ஆதலின் கொதிநிலையையும் உருகுநிலையையும் அளந்தறிந்து, எப்போத்தலினின்று எடுத்தோம் என்பதையும் குறித்துவைத்தல் மாணவர் கடன்.

பேர்க்கின் தேடிய கொயினாவுக்குரிய தொகுப்பு வழியை உட்வேட், டோரிங் எனும் இருவர் 1944இல் வகுத்தனர். அதற்குப் பத்தாண்டு முன்னர், 1934-35 மலேரியாக் கொள்ளையில் இலங்கை ஏறத்தாழ 80,000 உயிர்களை இழந்திருந்தது. 2016இல் இந்நாடு அந்நோயினின்று விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்நாள்வரை சென்ற நெடுவழியில், பதினெட்டு வயது இளைஞர் ஒருவரின் தோல்வியும் ஒரு மைல்கல்லாய் நிற்கின்றது. கரிய மண்டியையும் ஆராயாது எறியற்க என்பதே நம் இளைய தலைமுறைக்கு யாம் கூறும் வாழ்த்து.