புகையின் பிடியை ஆராய்ந்த ரஸ்ஸல்



பெரியோர் வாழ்க்கையை இவ்விதழில் எழுதுவோர் பெரும்பாலும் ஒரு கவிஞரையோ நாட்டுத் தலைவரையோ தேர்ந்தெடுப்பது வழக்கம். நான் எழுத எடுத்துக்கொண்டவர் ஒரு மனநோய் மருத்துவர். மனிதன் ஏன் புகை பிடிக்கிறான், விட விரும்பியும் ஏன் அவனால் விட முடிவதில்லை என்னும் வினாவை இலண்டன் மாநகரில் இருந்துகொண்டு பல ஆண்டுகள் துருவித் துருவி ஆராய்ந்த மைக்கேல் ரஸ்ஸல் அவர். அவரை நானாகத் தேடிச் செல்லவில்லை. என் தந்தையாரின் பீடிதான் என்னை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வாணியம்பாடியில் என் தந்தையார் நாளொன்றுக்கு ஒரு கட்டுப் பீடியாவது பிடிப்பார். போகிப் பண்டிகைதோறும் பழையன கழிதல் என்று பீடிக்கட்டை நெருப்பில் போடுவார்; மாட்டுப் பொங்கலன்று மாலைக்குள் புதுக்கட்டு வந்துவிடும். அம்மா ஏசுவார். வளர்ந்தபின் நானும் சேர்ந்துகொண்டேன். மனவுறுதி இல்லாத மனிதர் என்று ஒருநாள் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அவர் மறுமொழி சொல்லாமல் திண்ணைக்குப் போனார்.

பின்பு படிப்புக்காகப் பெங்களூர் வந்தேன். குளிருக்கு இதம் என்று விடுதி நண்பர் ஒருவர் நீட்டினார். வாயிலருகேயுள்ள தேநீர்க் கடையில் ஒரு கையில் தேநீரும் மறுகையில் சிகரெட்டுமாக நிற்கப் பழகினேன். இரண்டாம் ஆண்டில் விட்டுவிட முனைந்தேன். மூன்றே நாள்தான். எரிச்சல், தூக்கமின்மை, புத்தகத்தில் மனம் நில்லாமை. நான்காம் நாள் கடைக்கு ஓடினேன். அப்பொழுதுதான் தந்தையாரிடம் சொன்ன சொல் திரும்பி வந்து என்னையே சுட்டது.

ஓசூர்ச் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் நிலையத்தை நம்மில் பலர் பேருந்திலிருந்து பார்த்திருப்போம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு 2002-இல் நம் நாட்டில் 13 இடங்களில் புகையிலையை விடுவதற்கு உதவும் மருத்துவப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று அங்கே அமைந்தது. தயங்கித் தயங்கி அங்கே சென்றேன். எவரும் என்னை ஏசவில்லை. காலையில் கண்விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறாய் என்று, காய்ச்சலின் அளவைக் கேட்பதுபோல் கேட்டார்கள். இந்தக் கனிவான முறை எங்கிருந்து வந்தது என்று நூலகத்தில் தேடியபோதுதான் ரஸ்ஸலைக் கண்டேன்.

தென்னாப்பிரிக்காவில் 1932-இல் பிறந்த அவர், ஆக்ஸ்போர்டில் பயின்று, இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் மனநோய் மருத்துவரானார். அக்காலத்தில் புகைபிடித்தலை நோயாக எண்ணியவர் மிகச் சிலரே. 1964-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை, சிகரெட்டால் நுரையீரலில் புற்றுநோய் வரும் என்று உறுதியாகச் சொன்னது. ஆனால் அதைப் பிடிப்பது அடிமைத்தனம் அன்று, வெறும் பழக்கமே என்று வகைப்படுத்தியது.

பழக்கம் என்றால் தண்டனையால் மாற்றலாம் அன்றோ? ரஸ்ஸலும் முதலில் அவ்வழியே சென்றார். புகைப்போருக்கு மின்னதிர்ச்சி கொடுத்து வெறுப்பூட்டும் முறையைச் சோதித்து 1970-இல் எழுதினார். ஆயினும் அதோடு நில்லாமல், அதிர்ச்சி பெற்றோரையும், அதிர்ச்சியின்றிப் பரிவும் ஊக்கமும் மட்டுமே பெற்றோரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அதிர்ச்சியால் தனிப் பயன் ஏதும் இல்லை என்று 1976-இல் வெளிப்படையாக அறிவித்தார். தாம் கையாண்ட முறையே பயனற்றது என்று தாமே எழுத நெஞ்சுரம் வேண்டும்.

பிறகு அவர் குழுவினர் புகைப்போரின் இரத்தத்தில் நிகோடின் எவ்வளவு என்று அளந்தனர். நிகோடின் குறைந்த சிகரெட்டைக் கொடுத்தால், பிடிப்பவர் தம்மை அறியாமலே ஆழமாக இழுத்து அக்குறையை ஈடுசெய்துகொள்வது தெரிந்தது. உள்ளிழுத்த புகையிலுள்ள நிகோடின் சில நொடிகளிலேயே மூளையை எட்டிவிடுகிறது. நாள்தோறும் நூறு முறைக்கு மேல் அந்தச் சிறு வெகுமதி கிடைக்கிறது. ஆகவே மனிதனைக் கட்டிவைக்கும் கயிறு நிகோடின். அவனைக் கொல்வதோ பெரும்பாலும் அதனோடு வரும் தாரும் நச்சு வாயுக்களும். இரண்டையும் பிரித்துக் காட்டியது ரஸ்ஸலின் பெருந்தொண்டு.

பிரிக்க முடியுமானால் கயிற்றை மெல்ல மெல்லத் தளர்த்தவும் முடியும். சுவீடன் நாட்டில் ஓவே ஃபெர்னோ என்பவர் நிகோடின் கலந்த மெல்லும் பசையை உருவாக்கியிருந்தார். ரஸ்ஸலும், உளநூல் அறிஞர் மார்ட்டின் ஜார்விஸும், அவர்தம் குழுவினரும் அதனை 116 பேரிடம் சோதித்து 1982-இல் முடிவை வெளியிட்டனர். ஓராண்டு கழிந்தும் புகையாதிருந்தோர், மருந்துப் பசை மென்றவருள் நூற்றுக்கு 47 பேர். மருந்தில்லாப் போலிப் பசை மென்றவருள் 21 பேர்.

ஆனால் என் உள்ளத்தைத் தொட்டது 1979-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு. 28 குடும்ப மருத்துவர்கள், அவர்களிடம் வந்த 2138 புகைப்போர். ஒன்றும் சொல்லப்படாதவருள் ஓராண்டுக்குப் பின் விட்டிருந்தோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஓரிரு நிமிடம் அறிவுரை கூறி, ஒரு சிறு வெளியீட்டையும் கொடுத்து, மீண்டும் விசாரிப்போம் என்று சொல்லி அனுப்பப்பட்டவருள் 5 பேர். ஐந்து சிறு எண்ணே. ஆயினும் ஒரு நாட்டு மருத்துவர் அனைவரும் அவ்வாறு சொன்னால் இலட்சக்கணக்கானோர் மீள்வர் என்று ரஸ்ஸல் கணக்கிட்டார்.

1988-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கையே நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள் என்று ஒப்புக்கொண்டது. ரஸ்ஸல் 2009-இல் மறைந்தார். இன்று பெங்களூரில் மருந்துக் கடையிலே அந்தப் பசையை நானும் வாங்க முடிகிறது. அவசரமாக மெல்லாமல், சிறிது மென்று கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று எனக்குக் கற்பித்தார்கள். நான் சிகரெட்டைத் தொட்டு நான்கு மாதம் ஆகிறது. வென்றுவிட்டேன் என்று சொல்லமாட்டேன். இன்றும் மழை பெய்தால் கால்கள் தேநீர்க் கடைப் பக்கம் திரும்பத்தான் செய்கின்றன.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போய்த் திண்ணையில் தந்தையாரின் அருகே அமர்ந்தேன். நானும் புகைத்தேன் என்பதைச் சொன்னேன். அன்று அவரை மனவுறுதி இல்லாதவர் என்றது தவறு என்பதையும் சொன்னேன். நெடுநேரம் அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த மருத்துவமனைக்கு எந்தக் கிழமையில் வரவேண்டும் என்று கேட்டார்.

தோழர்களே, உங்கள் அறையிலும் புகைக்கும் நண்பர் ஒருவர் இருக்கக்கூடும். ஏசாதீர்கள், சும்மாவும் இராதீர்கள். கனிவாக ஒரு சொல் சொல்லுங்கள், மறுவாரம் மறவாமல் விசாரியுங்கள். அச்சொல்லுக்குப் பயன் உண்டு என்பதை எண்ணிக் காட்டிவிட்டுப் போனவர் ரஸ்ஸல்.