ஜோசப் விட்வர்த்

சர் ஜோசப் விட்வர்த் (டிசம்பர் 21, 1803 - ஜனவரி 22, 1887) இங்கிலாந்தைச் சேர்ந்த இயந்திரப் பொறியியலாளர் ஆவார். 1841 இல் திருகாணிப் புரிகளுக்கு 55 பாகைக் கோணம் கொண்ட சீர்தரத்தை முன்மொழிந்தார். இவர் வடிவமைத்த அறுகோணத் துளைத் துப்பாக்கியும் புகழ்பெற்றது.

வாழ்க்கைச் சுருக்கம்

ஸ்டாக்போர்ட் நகரில் பிறந்தார். இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லியின் பட்டறையில் பணியாற்றினார். 1833 இல் மான்செஸ்டரில் சொந்தத் தொழிலகம் தொடங்கினார்.

துப்பாக்கி ஆய்வுகள்

1854 இல் துப்பாக்கி உற்பத்திக்கான இயந்திரங்கள் குறித்து அரசு இவரை அணுகியது. துல்லியத்தின் காரணத்தை முதலில் அறிய விரும்பிய விட்வர்த், காற்றின் இடையூறு நேராதவாறு 500 யார் நீளமுள்ள சுடுகூடத்தை அமைத்து ஆய்வுகளை நடத்தினார். இவ்வாய்வுகளின் பயனாக, 0.451 அங்குலத் துளையும் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றுத் திருகும் உடைய குழல் உருவானது. 1857 இல் நடந்த சோதனைகளில் இது என்ஃபீல்டு துப்பாக்கியை விஞ்சியது. எனினும் விலை மிகுதி, குழலில் வெடிமருந்துக் கரி விரைவில் படிதல் ஆகிய காரணங்களால் இராணுவத்தின் பொதுப் படைக்கலமாக ஏற்கப்படவில்லை.

விம்பிள்டன் நிகழ்வு

ஜூலை 2, 1860 அன்று விம்பிள்டனில் நடந்த போட்டியை விக்டோரியா அரசி இத்துப்பாக்கியால் சுட்டுத் தொடக்கி வைத்தார். துப்பாக்கி அசையாத தாங்கியொன்றில் பொருத்தப்பட்டிருந்தது. அதனால் கை நடுக்கமும் மூச்சின் அசைவும் குறியைப் பாதிக்கவில்லை. 400 யார் தொலைவிலிருந்த இலக்கின் மையத்துக்கு மிக அருகில் குண்டு பாய்ந்தது.

பிற்காலம்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் குறிசுடுநர்கள் இத்துப்பாக்கியைப் பயன்படுத்தினர். பிரித்தானிய இராணுவம் 1871 இல் ஏற்ற மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியும் ஏறத்தாழ இதே துளை அளவைக் கொண்டிருந்தது. 1868 இல் பொறியியல் மாணவர்களுக்கான உதவித்தொகையை நிறுவிய விட்வர்த், மான்டி கார்லோவில் காலமானார்.