ஹாலிவுட் கதை, காஞ்சி மேடை: சினிமாவை அண்ணா அரசியலாக்கியது எப்படி?

காஞ்சிபுரத்தைத் தொட்டு ஓடும் வேகவதி ஆறு, திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கிறது. தறிச் சத்தத்துக்குப் பேர்போன இந்த வட்டாரத்தில், 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் சி.என்.அண்ணாதுரை. தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவின் வெகுமக்கள் கலாசாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அவர் செய்த காரியத்தின் அளவு இன்னும் நன்றாகப் புரியும்.

எழுத்தர் வேலையிலிருந்து மேடைக்கு

வீட்டில் வசதி கிடையாது. பள்ளிப் படிப்புக்கு நடுவே கொஞ்ச காலம் நகராட்சியில் எழுத்தர் வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து முதுகலைப் பட்டம் வரை படித்தார். பெரியாரின் இயக்கத்துக்கு வந்தார். 1942ல் காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். பத்திரிகை நடத்தினாலும் ஒரு விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. படிக்கத் தெரியாதவர்கள்தான் ஊரில் அதிகம். அவங்ககிட்ட எப்படிப் போய்ச் சேர்வது? நாடகம் எழுதினார், சில நாடகங்களில் நடிக்கவும் செய்தார்.

கேரி கூப்பர் இடத்தில் என்.எஸ்.கே.

1936ல் ஃபிராங்க் காப்ரா இயக்கத்தில் கேரி கூப்பர் நடித்து வந்த ஹாலிவுட் படம் 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்'. சின்ன ஊர்க்காரர் ஒருவருக்குத் திடீரென்று பெரிய சொத்து வருகிறது. அதை ஏழை விவசாயிகளுக்குக் கொடுக்க நினைக்கிறார். உடனே அவருக்குப் பைத்தியம் என்று வழக்குப் போடுகிறார்கள். இந்தக் கதையைத் தழுவி அண்ணா எழுதிய படம்தான் 1949ல் வந்த 'நல்லதம்பி'. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் கதாநாயகன். அமெரிக்கப் பணக்காரனின் சொத்து இங்கே ஜமீன் சொத்தானது. மதுவிலக்குப் பிரசாரமும் சேர்ந்துகொண்டது.

அதே ஆண்டு அவரது நாடகமான 'வேலைக்காரி'யும் படமாக வந்தது. பாட்டுக்காகவே படம் பார்த்த காலம் போய், வசனத்துக்காகக் கூட்டம் கூடும் காலம் வந்தது. அந்த செப்டம்பரில் திமுகவும் பிறந்தது.

அங்கே டிவி, இங்கே டென்ட் கொட்டகை

இதே ஆண்டுகளில் அமெரிக்காவில் நேர்மாறாக ஒன்று நடந்தது. 1947ல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் குடியிருப்பு கட்டப்படத் தொடங்கியது. ஒரே மாதிரி வீடுகள், வாசலில் புல்தரை, போக வர கார். இப்படிப்பட்ட புறநகர்களுக்கு நடுத்தரக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகக் குடிபோயின. ஆனால் கறுப்பினத்தவருக்கு லெவிட்டவுனில் அப்போது இடம் இல்லை. தியேட்டருக்குப் போன ஜனம் டிவி முன் உட்கார்ந்தது. 1960ல் ஏறக்குறைய பத்தில் ஒன்பது அமெரிக்க வீடுகளில் டிவி இருந்தது. அந்த ஆண்டு கென்னடி - நிக்சன் விவாதத்தைப் பல கோடிப் பேர் வீட்டுக்குள்ளேயே பார்த்தார்கள்.

சென்னையில் தொலைக்காட்சி வந்ததே 1975ல்தான். இங்கே பொழுதுபோக்கு வீட்டுக்குள் அடங்கவில்லை. டென்ட் கொட்டகையில் மண்தரையில் உட்கார்ந்து படம் பார்த்தவர், மறுநாள் டீக்கடையில் அந்த வசனத்தைப் பேசினார். டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் கட்சிப் பத்திரிகையை ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்டார்கள். 1953ல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர்கள் தவித்தபோது, திமுகவினர் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார்கள். அண்ணாவும் விற்றார்.

சொந்த ஊரில் தோல்வி

சினிமா கூட்டம் அப்படியே ஓட்டாகிவிடும்னு சொல்ல முடியாது. 1957ல் காஞ்சிபுரத்தில் வென்ற அண்ணா, 1962ல் அதே தொகுதியில் தோற்றார். கட்சி 50 இடங்களில் வென்றபோது தலைவர் தோற்றது பெரிய அடி. மாநிலங்களவைக்குப் போனார். இந்தித் திணிப்பு எதிர்ப்பு, அரிசித் தட்டுப்பாடு, கூட்டணிக் கணக்கு எல்லாம் சேர்ந்துதான் 1967ல் ஆட்சியைக் கொடுத்தன. குண்டடி பட்டு மருத்துவமனையில் இருந்த எம்.ஜி.ஆரின் படம் போட்ட போஸ்டரும் அந்தத் தேர்தலில் பேசப்பட்டது.

அமெரிக்க மண்ணில்

1968 ஏப்ரல் - மே மாதங்களில், யேல் பல்கலைக்கழகத்தின் சப் ஃபெலோஷிப் பெற்று அண்ணா அமெரிக்கா போனார். அவர் போன நேரம், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு சில வாரங்கள்கூட முழுதாக ஆகவில்லை. நகரங்கள் எரிந்து அடங்கியிருந்தன. வியட்நாம் போருக்கு எதிராக மாணவர்கள் திரண்டிருந்தார்கள். புல்தரை வீடுகளின் அமைதிக்குப் பின்னால் இருந்த நிறவெறி வெளியே தெரிந்த காலம் அது.

அதே ஆண்டு செப்டம்பரில் மறுபடி நியூயார்க் போனார். இந்த முறை புற்றுநோய் அறுவை சிகிச்சைக்காக. புகையிலைப் பழக்கம் அவரை நெடுநாள் விடவில்லை. திரும்பி வந்தவர், 1969 ஜனவரி 14 அன்று மாநிலத்தின் பெயர் அதிகாரபூர்வமாகத் தமிழ்நாடு ஆனதைப் பார்த்தார். பிப்ரவரி 3 அன்று காலமானார். இறுதி ஊர்வலத்துக்குத் திரண்ட கூட்டம் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது.

என்ன மிச்சம்?

சாமானியருக்குக் கருத்தைக் கொண்டுபோகும் வண்டியாகத்தான் அண்ணா சினிமாவைப் பயன்படுத்தினார். நட்சத்திரத்தைவிட வசனம் முக்கியமாக இருந்தது. அவர் மறைந்த மூன்றே ஆண்டுகளில் எம்.ஜி.ஆர் தனிக்கட்சி கண்டார். கட்சிப் பெயரில் அண்ணாவை வைத்தார், ஆனால் அதன் பலம் அவருடைய சொந்த ரசிகர் கூட்டம். புதிய நடிகர் யார் கட்சி தொடங்கினாலும் தமிழ்நாட்டில் இன்றும் எழும் கேள்வி இங்கிருந்துதான் வருகிறது. கருத்து சினிமாவைச் சுமந்து வருகிறதா, சினிமா கருத்தைச் சுமந்து வருகிறதா? அண்ணாவின் காலத்தில் அதற்குப் பதில் தெளிவாகவே இருந்தது.