விட்டில் பூச்சி விமானம்

1932-ம் ஆண்டு அக்டோபர் மாதம். கப்பலிலும் ரயிலிலும் தபால் வந்து பழகிய சென்னைக்கு, ஆகாய மார்க்கமாகத் தபால் வந்து இறங்கியது.

கராச்சியில் இருந்து பம்பாய் வரை அதைக் கொண்டு வந்தவர் ஜே.ஆர்.டி. டாட்டா. அங்கிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தவர் நெவில் வின்சென்ட்.

டாட்டா ஓட்டியது ஒரு சிறிய விமானம். அதன் பெயர் "புஸ் மாத்". "மாத்" என்றால் விட்டில் பூச்சி! அந்த வகை விமானங்களை உருவாக்கியவர் ஜெப்ரி டி ஹாவிலண்ட்.

பாதிரியார் மகன்

இவர் 1882-ல் இங்கிலாந்தில் பிறந்தார். தகப்பனார் பாதிரியார். விட்டில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் ஜெப்ரிக்கு ஆசை அதிகம்.

தாத்தா கொடுத்த 1,000 பவுனைக் கொண்டு விமானம் செய்தார். இறக்கைத் துணியைத் தைத்துக் கொடுத்தவர் மனைவி லூயி. 1909 டிசம்பரில் அது கிளம்பிய உடனே விழுந்து நொறுங்கியது. ஜெப்ரி உயிர் தப்பினார்.

அவர் சோர்ந்துவிடவில்லை. உடையாத என்ஜினை எடுத்து, வேறு விமானம் செய்தார். 1910-ல் அது பறந்தது. யாரும் கற்றுக்கொடுக்காமல், தானே ஓட்டிப் பழகினார்.

எல்லோருக்கும் விமானம்

சாதாரண மக்களும் விமானம் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1925 பிப்ரவரி 22-ந் தேதி முதல் "மாத்" விமானத்தை அவரே ஓட்டிப் பார்த்தார். இரண்டு பேர் உட்காரலாம். இறக்கைகளை மடக்கி, சிறு கொட்டகையில் நிறுத்தலாம்.

1930-ல் எமி ஜான்சன் என்ற இளம்பெண், இந்த வகை விமானத்தில் தன்னந்தனியாக இங்கிலாந்தில் இருந்து இந்தியா வழியாக ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்.

அடுத்து வந்த "டைகர் மாத்" 8,000-க்கு மேல் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் இந்திய விமானிகளும் அதில்தான் பயிற்சி பெற்றார்கள்.

இரண்டு மகன்கள்

ஊரார் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவரின் வீட்டில் இடி விழுந்தது. 1943-ல் இளைய மகன் ஜான், நடுவானில் இரு விமானங்கள் மோதி இறந்தார். 1946-ல் மூத்த மகன், புதிய ஜெட் விமானத்தைச் சோதித்தபோது அது சிதறி மாண்டார். இரண்டுமே தகப்பனார் கம்பெனி விமானங்கள்.

துயரத்தில் நொந்த லூயி, 1949-ல் காலமானார்.

ஆனாலும் ஜெப்ரி தொழிலைக் கைவிடவில்லை. அதே 1949-ல், அவருடைய கம்பெனியின் "காமெட்" பறந்தது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம் அதுதான்.

1965 மே 21-ந் தேதி, 82-ம் வயதில் ஜெப்ரி இறந்தார். முதன்முதலில் அவர் பறந்த அதே இடத்தில், அவருடைய அஸ்தி விமானத்தில் இருந்து தூவப்பட்டது.