பத்தொன்பது உயிர்களின் பழியைச் சுமந்தவர்

என் பேரனுக்கு இரண்டு மாதம் நிறைந்ததும் ஊசி போடுவதற்காகக் கண்டியில் வரிசையில் நின்றோம். தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, செங்கமாரி பி, பிள்ளைகளுக்கு நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் கொடுக்கும் ஹிப் கிருமி என ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. பிள்ளை வீரிட்டபோது மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு மண்டபம் முகாம் நினைவுக்கு வந்தது.

77 கலவரத்தில் கண்டிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வவுனியாவுக்குப் போனவர்கள் நாங்கள். 90இல் அங்கிருந்தும் ஓடிப் படகேறினோம். கூலியாக இலங்கைக்கு வந்த என் தாத்தாவை நோய்க்குப் பயந்து மறித்து வைத்திருந்த அதே மண்டபத்தில்தான் நாங்கள் அகதிகளாக இறங்கினோம். ஊசி போட்டால் பிள்ளை செத்துப்போகும் என்று ஒரு கதை பரவியது. அம்மா என் தம்பியைச் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தார். ஊசியைக் கண்டு ஏன் இவ்வளவு பயம் என்று பின்னாளில் தேடியபோதுதான் வால்டெமர் ஹாஃப்கினின் கதை கிடைத்தது.

அவர் 1860இல் ஒடெசாவில் பிறந்த யூதர். 1881இல் யூதர்களுக்கு எதிரான கலவரத்தில் தன் மக்களைக் காக்க நின்று காயப்பட்டார், கைதானார். பின்னர் நாட்டை விட்டுப் போய், பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்தார். 1892 யூலை 18ஆம் திகதி, தான் உருவாக்கிய வாந்திபேதித் தடுப்பூசியை முதலில் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார்.

அந்த நோய் எங்கள் முன்னோருக்குப் புதிதல்ல. மன்னாரில் இறங்கி மாத்தளைக்கும் கண்டிக்கும் காட்டு வழியே நடந்த கோப்பித் தோட்டக் கூலிகளில் எத்தனையோ பேர் வாந்திபேதியில் பாதையோரமே விழுந்து போனார்கள்.

1893இல் ஹாஃப்கின் கல்கத்தா வந்தார். அங்கே ஒரு சேரியில் ஏறக்குறைய 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். பின்னர் அங்கு நோய் கண்ட 10 பேரும், அவர்களில் இறந்த 7 பேரும் ஊசி போடாதவர்கள். 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. எலித்தெள்ளால் தொற்றும் அந்தக் கிருமி நுரையீரலில் இறங்கிவிட்டால் இருமலாலேயே மற்றவருக்குப் பரவும். கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் சிறிய இடமொன்றில், நெய் சேர்த்த இறைச்சிச் சாற்றில் அவர் கிருமியை வளர்த்தார். பிறகு அதைச் சூட்டினால் கொன்று தடுப்பூசியாக்கினார். 1897 ஜனவரி 10ஆம் திகதி அதையும் முதலில் தனக்கே ஏற்றினார்.

1902 அக்டோபர் 30ஆம் திகதி பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரே போத்தலிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் ஏற்புவலியால் இறந்தனர். ஆய்வுகூடத்தில்தான் தவறு நடந்தது என்று முடிவு கட்டி, ஹாஃப்கினைப் பதவியிலிருந்து இடைநிறுத்தினார்கள். கிராமத்தில் போத்தலைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்திருந்தது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமலே பயன்படுத்தியிருந்தார். ஏற்புவலிக் கிருமி ஆய்வுகூடத்திலேயே கலந்திருந்தால், திறந்தபோது போத்தல் நாறியிருக்க வேண்டும். நாற்றம் எதுவும் இருக்கவில்லை. இவ்வளவும் சாட்சியமாக இருந்தும் பழி நீங்க ஐந்து ஆண்டுகள் ஆயின. மலேரியா பரவும் விதத்தைக் கண்டறிந்த ரொனால்ட் றொஸ் போன்றவர்கள் வெளிப்படையாகக் குரல் கொடுத்த பிறகே, 1907இல் அவர் குற்றமற்றவர் என்றானது.

அவர் மறுபடியும் கல்கத்தாவுக்கே வேலைக்கு வந்தார். ஆனால் பழைய பெரிய பொறுப்பு திரும்பக் கிடைக்கவில்லை. 1914இல் ஓய்வு பெற்றார். 1925இல் பம்பாய் ஆய்வுகூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930இல் சுவிற்சர்லாந்தின் லொசானில் காலமானார்.

உண்மை வெளிவர ஐந்து ஆண்டுகள் என்பது அவருக்கு நீண்ட காலம். அதைவிட நெடுங்காலமாகக் காத்திருக்கும் நமக்கு அந்த வலி விளங்கும். ஆனால் முல்கோவாலில் இறந்தவர்களின் வீட்டாருக்கும் ஒரு பதில் தேவைப்பட்டிருக்கும். தவறு எங்கே நடந்தது என்பதை உடனேயே நேர்மையாகச் சொல்லியிருந்தால் அவருக்கும் நீதி கிடைத்திருக்கும், மக்களின் பயமும் குறைந்திருக்கும். அம்மாவின் பயத்தை அறியாமை என்று நான் இப்போது சொல்வதில்லை. அன்று அவருக்கு யாரும் எதையும் விளக்கவில்லை.

அந்தப் 19 பேரைக் கொன்ற ஏற்புவலிக்கும் இன்று தடுப்பூசி உண்டு. பேரனுக்குப் போட்ட ஐந்தில் அதுவும் ஒன்று. நான்காம் மாதத்து ஊசிக்கும் நானே தூக்கிக்கொண்டு போவேன்.