மீன் குஞ்சுக்காக வாதாடிய டாக்டர்

கோடை வந்தால் மாமல்லபுரத்துக் கடலில் ஓர் அமைதி. ஏப்ரல் 15-ந் தேதி முதல் ஜூன் 14-ந் தேதி வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாது. நாட்டுப் படகுகள் மட்டும் போகலாம். மீன் இனம் பெருக வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட சட்டம் இது.

அங்கிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் செங்கல்பட்டு. கொளவாய் ஏரி, மதுராந்தகம் ஏரி என்று திரும்பிய பக்கமெல்லாம் ஏரிகள் நிறைந்த பூமி. கோடையில் ஏரி வற்றும்போது வலையும் ஊத்தாவும் கொண்டு ஊரே இறங்கி மீன் பிடிப்பது நெடுநாள் வழக்கம். விரால், கெளுத்தி, கெண்டை என்று கையில் அகப்பட்டதெல்லாம் கூடைக்குள் போகும். சுண்டுவிரல் நீளக் குஞ்சும் தப்பாது.

கடல் மீனுக்கு ஓய்வு கொடுக்கும் நியாயம் ஏரி மீனுக்கும் ஆற்று மீனுக்கும் வேண்டாமா? இந்தக் கேள்வியை 150 வருஷங்களுக்கு முன்பே சர்க்காரின் முன் வைத்தவர் ஒரு டாக்டர். அவர் பெயர் பிரான்சிஸ் டே.

பட்டாளத்து வைத்தியர்

இங்கிலாந்தில் சஸெக்ஸ் ஜில்லாவிலுள்ள மேர்ஸ்பீல்டு என்ற ஊரில் 1829-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி டே பிறந்தார். நிலபுலன்கள் உள்ள குடும்பம். லண்டன் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் வைத்தியம் படித்தார். 1852-ல் சென்னைப் பட்டாளத்தில் உதவி டாக்டராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23.

பர்மாவில் யுத்தம், பிறகு ஹைதராபாத் என்று பல இடங்களில் வேலை பார்த்துவிட்டுக் கொச்சிக்கு வந்தார். அங்கேதான் அவருடைய வாழ்க்கை திசை மாறியது. கொச்சியைச் சுற்றிலும் காயல். காயல் நிறைய மீன். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் மீன்களைச் சேர்ப்பதிலும் வரைவதிலும் கழிந்தது. 1865-ல் மலபார் மீன்களைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது.

விரால் மீனை வைத்து அவர் செய்த சோதனை ஒன்று ருசிகரமானது. தண்ணீருக்குள் இருக்கும் விரால் ஏன் அடிக்கடி மேலே வந்து வாய் திறக்கிறது? மேலே வர முடியாதபடி தண்ணீருக்குள் வலையைக் கட்டித் தடுத்துப் பார்த்தார். மீன் இறந்துபோயிற்று. தண்ணீர் இருந்தால் மட்டும் விராலுக்குப் போதாது, வெளிக்காற்றும் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

அணையின் அடியில் உள்ளம்

இதற்கிடையே தமிழ்நாட்டில் ஒரு பிரச்னை முளைத்திருந்தது. காவிரி, கொள்ளிடப் பாசனத்துக்காக 1830-களில் அணைகள் எழும்பியிருந்தன. பயிர் செழித்தது. ஆனால் மீனின் பாதை அடைபட்டது.

உள்ளம் என்று ஒரு மீன் உண்டு. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடுவது இதையேதான். வளர்வது கடலில். முட்டையிட ஆற்றுக்கு வரும். புதுவெள்ளம் வந்ததும் கூட்டம் கூட்டமாகக் கொள்ளிடத்தில் ஏறும். வழியில் அணை குறுக்கிட்டால் மேலே போக முடியாமல் அதன் அடியிலேயே குவிந்து நிற்கும். முட்டை சுமந்த மீனை அங்கே அள்ளி எடுப்பது வெகு சுலபம்.

அணைகளால் மீன் வளம் கெடுமோ என்று சர்க்காரின் கவனத்துக்குக் கொண்டு வந்தவர் வேறு யாருமல்ல. அவற்றைக் கட்டிய சர் ஆர்தர் காட்டனேதான். விசாரிக்கும் பொறுப்பு டேயிடம் வந்தது. முதலில் சென்னை ராஜதானி, பிறகு இந்தியாவும் பர்மாவும். 1871-ல் அவர் இந்திய மீன்வளத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார்.

சொந்த வாழ்வில் அது இருண்ட காலம். 1869-ல் மனைவி காலமானார். 1872-ல் மறுமணம் செய்துகொண்டார். மறுவருஷமே அந்த மனைவியும் மறைந்தார். பெரிய அறிக்கையும் அதே 1873-ல்தான் வெளிவந்தது.

அவர் கண்டதும் கேட்டதும்

கலெக்டர்களுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கினார். நேரிலும் ஆறு ஆறாகப் போய்ப் பார்த்தார். எங்கும் ஒரே கதைதான். கண் பொடிந்த வலையில் குஞ்சுகள் சிக்கின. வாய்க்கால், வயல் வரப்புகளில் கூடு வைத்து, ஏறும் மீனையும் இறங்கும் மீனையும் பிடித்தார்கள். நஞ்சைக் கலந்து மடுவிலுள்ள மீனையெல்லாம் மிதக்க விட்டார்கள்.

பழைய நாளில் பல இடங்களில் மீன்பாடு குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. குத்தகைக்காரனுக்கு அடுத்த வருஷத்துக் கவலை இருந்தது. கும்பெனி ஆட்சியிலும் அதற்குப் பின்னும் பல நீர்நிலைகள் எல்லோருக்கும் பொது என்று விடப்பட்டன. எல்லோருக்கும் பொது என்றால் காவல் யாருக்கும் இல்லை. இது டேயின் கட்சி.

ஆகவே அவர் கேட்டவை சில. வலைக் கண்ணுக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும். நஞ்சு கூடாது. நிலையாக வைக்கும் கூடுகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும். அணைகளில் மீன் ஏறிப்போக வழி வேண்டும்.

அதிகாரிகளில் பலர் ஒப்பவில்லை. ஏழை வீட்டுச் சட்டியில் விழும் நாலு மீனையும் சட்டம் போட்டுத் தட்டிப் பறிப்பதா என்று கேட்டார்கள். சட்டம் வந்தால் கிராமத்துச் சேவகன் கையில் அது கொடுமைக்கு ஆயுதமாகும் என்றும் அஞ்சினார்கள். இந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் இன்று குஞ்சைத் தின்றால் நாளை மீன் ஏது என்ற டேயின் கேள்வியும் பொய்யல்ல. விரால் குஞ்சுகள் செந்நிறமாய்த் திரண்டு நீந்தும்போது பெரிய மீன் அடியில் காவல் நிற்பதைக் கிராமத்துப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்தக் காவல் மீனைப் பிடித்துவிட்டால் கூட்டமே அழிந்துவிடும்.

ஆண்டுகள் ஓடின. பொதுச் சட்டம் எதுவும் வரவில்லை. 1877 வாக்கில் டே ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பினார்.

மறைந்த பின் வந்த சட்டம்

இங்கிலாந்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. இந்திய மீன்களைப் பற்றிய அவருடைய பெரு நூல், படங்களுடன் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. லண்டன் மியூசியத்தின் மீன் நிபுணர் குந்தருடன் அவருக்கு ஒத்துப்போகவில்லை. அரும்பாடுபட்டுச் சேர்த்த மீன்களில் ஒரு பகுதியை 1883-ல் சிட்னி மியூசியத்துக்கு விற்றார். 1889-ல் இந்திய மீன்களைப் பற்றிய இரண்டு தொகுதிகள் அச்சேறின. 1,400-க்கும் மேற்பட்ட இனங்களின் விவரம் அவற்றில் உண்டு. அதே வருஷம் ஜூலை 10-ந் தேதி, செல்ட்டன்ஹாம் நகரில் புற்றுநோயால் காலமானார். வயது 60.

எட்டு வருஷங்கள் கழித்து, 1897-ல், இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடி வைத்தோ நஞ்சிட்டோ மீன் பிடித்தால் இரண்டு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். வலைக் கண்ணின் அளவு, நிலைக் கூடு, தடுப்பணை ஆகியவற்றுக்கு மாகாண சர்க்கார் விதி செய்யலாம். குறிப்பிட்ட நீர்நிலையில் இரண்டு வருஷம் வரை மீன்பிடிப்பையே நிறுத்தவும் செய்யலாம். டே கேட்டவற்றில் பெரும்பகுதி அதில் இருந்தது.

பிறகு சென்னை மாகாணத்தில் சர் பிரெடரிக் நிக்கல்ஸன் மீன் இலாகாவை வளர்த்தார். கொள்ளிடத்தில் உள்ளம் மீனின் முட்டையைச் செயற்கையாய்ப் பொரிக்கும் முயற்சி 1909-ல் தொடங்கிற்று. செங்கல்பட்டிலும் ஒரு மீன் பண்ணை ஏற்பட்டது. ஆயினும் கொள்ளிடத்து உள்ளம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தபின் ஆற்றில் பழைய வெள்ளமும் இல்லை.

சட்டம் தாமதமாக வந்தால் மீன் காத்திருக்காது. டாக்டர் டேயின் வாழ்க்கை சொல்வது இதைத்தான். மீனுக்கு ஓய்வு கொடுப்பது மீனவனின் வயிற்றில் அடிப்பதாகாது. அவன் மகனுக்கும் மீன் விட்டுவைப்பதாகும். அந்த ஓய்வு நாட்களில் மீனவன் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும். இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் ஊரில்தான் ஏரியும் நிலைக்கும், மீனும் நிலைக்கும்.